நாளைக்கு அரிசி இல்லாத அடுப்பு

நெய்வேலி பக்கம் போயிருக்கீங்களா? அங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் வடலூர். அங்கே 1867-ல் மூட்டிய ஓர் அடுப்பு இன்று வரை அணையாமல் எரிகிறது. மூட்டியவரை உங்களுக்கு நல்லாவே தெரியும். வெள்ளைத் துணியால் தலையை மூடியபடி பள்ளிப் புத்தகத்தில் பார்த்திருப்பீர்களே, அந்த வள்ளலார்தான்.

1823-ல் சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் பிறந்தார். பெயர் இராமலிங்கம். கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். குடும்பம் சென்னைக்கு வந்தது. புராணச் சொற்பொழிவு செய்து குடும்பத்தைக் காப்பாற்றியவர் அண்ணன் சபாபதி. தம்பியோ பாடம் படிக்காமல் கந்தகோட்டம் முருகன் சந்நிதியே கதி என்று கிடந்தார். அண்ணனுக்குக் கோபம் வந்து, வீட்டில் சோறு போடக்கூடாது என்று சொல்லிவிட்டார். அண்ணி மனசு கேட்கவில்லை. அண்ணன் இல்லாத நேரத்தில் ரகசியமாகச் சாப்பாடு போட்டார்.

அப்பாவின் திதி வந்தது. ஊருக்கே விருந்து, பெற்ற பிள்ளைக்கு மட்டும் ஒளிந்து சாப்பிடுகிற நிலைமை. அண்ணி அழுதுவிட்டார். அவருக்காகவே இராமலிங்கம் வீட்டுக்குத் திரும்பினார் என்று அவர் வரலாறு சொல்கிறது. பசி என்றால் என்ன, அந்த நேரத்தில் ஒரு தட்டுச் சோறு என்றால் என்ன, இரண்டுமே அவருக்குச் சின்ன வயசிலேயே தெரியும்.

பிற்காலத்தில் சென்னையை விட்டு, வடலூருக்கு அருகே கருங்குழியில் தங்கினார். 1866-ல் சென்னை மாகாணத்தில் பஞ்சம். அடுத்த வருஷமே, 1867 மே 23 அன்று, வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். யோசிச்சுப் பாருங்க, அவருக்கு உத்தியோகம் கிடையாது, சொத்து கிடையாது. பார்வதிபுரம் மக்களிடம் கேட்டார், சுமார் 80 காணி நிலம் கொடுத்தார்கள். 21 அடி நீளத்துக்கு அடுப்பு அமைத்தார். சாதி, மதம் எதுவும் கேட்காமல், பசித்து வந்த எல்லோருக்கும் சோறு போட்டார்.

தினமும் எல்லாம் சரியாக நடந்ததா? இல்லை. ஒருநாள் அரிசி தீர்ந்துபோனது. நாளைக்கு என்ன செய்வது என்று சாலையைக் கவனித்தவர் கவலையோடு வந்து நின்றார். வள்ளலார் சற்று நேரம் கண்மூடி இருந்துவிட்டு, நாளைக்கு வந்துவிடும் என்றார். மறுநாள் வண்டிகளில் அரிசி வந்து சேர்ந்தது என்று அவருடைய அன்பர்கள் சொல்லிவந்திருக்கிறார்கள்.

இதை அற்புதம் என்று நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனா ஒண்ணு கவனிங்க. கடவுள் பார்த்துக்கொள்வார் என்று அவர் சும்மா உட்காரவில்லை. நிலம் கேட்டார், அடுப்பைக் கட்டினார், தீயை மூட்டினார். தன் கைக்கு எட்டியதையெல்லாம் செய்துவிட்டு, எட்டாத நாளையை மட்டும் அருட்பெருஞ்ஜோதியிடம் விட்டார்.

1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவர், அதன்பிறகு வெளியே வரவில்லை. இரண்டே வருஷத்தில், 1876-ல், மாகாணமே செத்து மடிந்த பெரும் பஞ்சம் தொடங்கியது. அவர் இல்லை. அடுப்பு இருந்தது.

ஃபீஸ் கட்ட வழியில்லை, வீட்டில் கஷ்டம், அடுத்த மாசம் எப்படி என்று தெரியவில்லை என்கிற நிலையில் நம்மில் சிலர் இப்பவும் இருக்கலாம். இன்றைக்குச் செய்ய முடிந்ததைச் செய்யுங்கள், கேட்க வேண்டிய இடத்தில் கூச்சப்படாமல் கேளுங்கள், நாளையை அவனிடம் விடுங்கள். கஷ்டம் இல்லாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. வடலூருக்கு வந்த அரிசி வானத்திலிருந்து விழவில்லை, யாரோ ஒருவர் வண்டி கட்டிக் கொண்டுவந்தார். உங்க பக்கத்து ரூம்ல ஒருத்தர் சாப்பிடாம படுத்திருந்தா, அந்த வண்டி நீங்களா இருக்கலாம்.