ஹோல்டர் மானிட்டர்: 24 மணி நேர இதயப் பதிவுக்குப் பின்னால் இருக்கும் மனிதர் யார்?

படபடப்பு, திடீர் மயக்கம் என்று டாக்டரிடம் போனால் முதலில் ஈசிஜி எடுப்பார்கள். அதில் எல்லாம் நார்மல் என்று வந்தாலும், சிலருக்கு நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டி, மறுநாள் வரச் சொல்லி அனுப்புவார்கள். அந்தப் பெட்டிதான் ஹோல்டர் மானிட்டர்.

பல்பு ஹோல்டர், மொபைல் ஹோல்டர் மாதிரி இதுவும் எதையோ பிடித்து வைக்கும் பொருள் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அது ஒரு மனிதரின் பெயர். அவர் டாக்டரும் இல்லை. அமெரிக்க இயற்பியலாளர் நார்மன் ஜெஃப்ரிஸ் ஹோல்டர்.

யார் இந்த ஹோல்டர்?

1914-ல் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் உள்ள ஹெலெனா என்ற ஊரில் பிறந்தவர். அந்தப் பகுதியில் தொழில் செய்து முன்னேறிய வசதியான குடும்பம். ஆனால் இவருக்கு ஆர்வம் எல்லாம் அறிவியலில்தான். இயற்பியலும் வேதியியலும் படித்தார்.

இரண்டாம் உலகப் போர் காலத்தில் அமெரிக்கக் கடற்படைக்காகக் கடல் அலைகளின் தன்மையை ஆராய்ந்தார். 1946-ல் பசிபிக் கடலில் உள்ள பிகினி தீவில் அமெரிக்கா அணுகுண்டு சோதனை நடத்தியபோது, அங்கே பணியாற்றிய ஓர் ஆய்வுக் குழுவுக்குத் தலைமை வகித்தார். அடுத்த ஆண்டே சொந்த ஊரில் சிறிய ஆய்வகம் ஒன்றைத் தொடங்கினார்.

இதயத்தின் பக்கம் எப்படி வந்தார்?

ஜோசப் கெங்கரெல்லி என்ற உளவியல் பேராசிரியரோடு சேர்ந்து, தவளையின் நரம்பைத் தொடாமலே தூரத்தில் இருந்து தூண்ட முடியுமா என்று சோதித்து வந்தார் ஹோல்டர். அதில் இருந்து இன்னொரு கேள்வி வந்தது. உடலுக்குள் உண்டாகும் மின் சிக்னலை ரேடியோ மூலம் வெளியே வாங்க முடியுமா?

முதலில் மூளையின் சிக்னலை வைத்து முயன்றார்கள். பிறகு ஹோல்டர் இதயத்துக்கு மாறினார். காரணம் எளிமையானது. மூளையைவிட இதயத்தின் மின் சிக்னல் பல மடங்கு பெரியது, பிடிப்பது சுலபம். இதய நோயால் இறப்பவர்களும் அதிகம்.

முதுகில் 38 கிலோ

அப்போது ஈசிஜி என்றால் நோயாளி படுக்கையில் அசையாமல் கிடக்க வேண்டும். இன்றைக்கும் வழக்கமான ஈசிஜி பதிவு செய்வது சுமார் 10 விநாடிகளைத்தான். ஆனால் இதயம் ஒரு நாளில் ஏறக்குறைய 1 லட்சம் முறை துடிக்கிறது. மாடிப்படி ஏறும்போதோ நடு ராத்திரியிலோ துடிப்பு தடம் மாறினால், அந்த 10 விநாடியில் அது எப்படித் தெரியும்?

நடமாடும் மனிதரின் இதயத்தைத்தான் அளக்க வேண்டும் என்பது ஹோல்டரின் பிடிவாதம். அவர் உருவாக்கிய முதல் கருவியின் எடை சுமார் 38 கிலோ. மூட்டை மாதிரி முதுகில் கட்டிக்கொள்ள வேண்டும். பெரிய பேட்டரிகளும் ரேடியோ டிரான்ஸ்மிட்டரும் அதற்குள் இருந்தன. அவரே அதை மாட்டிக்கொண்டு சோதித்தார். ஒரு இதய நோயாளி சுமக்கக்கூடிய எடை அது இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

டேப் வந்ததும் என்ன மாறியது?

டிரான்சிஸ்டர் வந்த பிறகு கருவிகள் சிறிதாகத் தொடங்கின. சக ஆய்வாளர் வில்ஃபோர்ட் கிளாஸ்காக்குடன் சேர்ந்து, ரேடியோவுக்குப் பதிலாக உடலோடு மாட்டும் டேப் ரெக்கார்டருக்கு மாறினார் ஹோல்டர். எடை 1 கிலோ அளவுக்கு இறங்கியது.

அடுத்த சிக்கல் நேரம். ஒரு நாள் முழுக்கப் பதிவு செய்ததை உட்கார்ந்து பார்க்க இன்னொரு நாள் வேண்டுமே? அதற்கும் வழி கண்டார்கள். டேப்பை 60 மடங்கு வேகத்தில் ஓட்டி, துடிப்புகளை ஒன்றின் மேல் ஒன்றாகத் திரையில் காட்டினார்கள். கூடவே ஒலியாகவும் கேட்க வைத்தார்கள். சீரான துடிப்பு என்றால் ஒரே மாதிரி தெரியும், ஒரே மாதிரி கேட்கும். ஒரு துடிப்பு தவறினாலும் கண்ணும் காதும் கண்டுபிடித்துவிடும். 1 மணி நேரப் பதிவைப் பார்க்க 1 நிமிடம் போதும்.

1961-ல் இந்த முறையைச் சயின்ஸ் இதழில் வெளியிட்டார். 1960-களிலேயே டெல் மார் நிறுவனம் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1983-ல் ஹெலெனாவிலேயே ஹோல்டர் காலமானார்.

அவர் இறந்த பிறகு வந்த அதிர்ச்சி

மாரடைப்பு வந்தவர்களுக்கு இடையிடையே கூடுதல் துடிப்புகள் வருவதை ஹோல்டர் பதிவுகள் காட்டின. அப்படி வருபவர்களுக்குத் திடீர் மரண ஆபத்து அதிகம் என்றும் தெரிந்தது. அப்படியானால் மருந்து கொடுத்து அந்தத் துடிப்புகளை அடக்கினால் உயிர் பிழைக்கும்தானே? டாக்டர்கள் அப்படித்தான் நம்பினார்கள், மருந்தும் கொடுத்தார்கள்.

இதைச் சரிபார்க்க காஸ்ட் என்ற பெரிய ஆய்வு நடந்தது. மருந்து கொடுத்ததும் கூடுதல் துடிப்பு குறைந்ததா என்று ஹோல்டர் வைத்துப் பார்த்து, குறைந்தவர்களை மட்டுமே ஆய்வில் சேர்த்தார்கள். என்கைனைடு, ஃப்ளெகைனைடு மருந்துகள் 730 பேருக்கும், மருந்தே இல்லாத போலி மாத்திரை 725 பேருக்கும் தரப்பட்டன.

1989-ல் வந்த முடிவு தலைகீழாக இருந்தது. சராசரியாக 10 மாதங்களில், மருந்து சாப்பிட்டவர்களில் 56 பேர் இறந்திருந்தார்கள். போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 22 பேர். அந்த இரண்டு மருந்துகளின் சோதனையும் பாதியிலேயே நிறுத்தப்பட்டது.

கருவி பொய் சொல்லவில்லை. துடிப்பு உண்மையிலேயே சீரானது. ஆனால் ரிப்போர்ட் சரியானால் ஆளும் பிழைத்துவிடுவார் என்ற கணக்குதான் தப்பு. சீரற்ற துடிப்புக்கான மருந்தை, உயிரைக் காக்கிறதா என்று பார்த்து எடைபோட வேண்டும் என்பதை இந்த ஆய்வு மருத்துவ உலகுக்குப் புரிய வைத்தது.

இன்று என்ன நிலை?

இப்போது பிளாஸ்டர் மாதிரி ஒட்டும் பேட்ச், தோலுக்கு அடியில் வைக்கும் ரெக்கார்டர், துடிப்பு மாறினால் எச்சரிக்கும் ஸ்மார்ட் வாட்ச் என்று ஹோல்டரின் யோசனை பல வடிவம் எடுத்துவிட்டது. காஸ்ட் எழுப்பிய கேள்வியும் கூடவே வருகிறது. டென்மார்க்கில் சுமார் 6,000 பேரிடம் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், தோலுக்கு அடியில் ரெக்கார்டர் வைத்தவர்களிடம் சீரற்ற துடிப்பு ஏறக்குறைய 3 மடங்கு அதிகமாகக் கண்டுபிடிக்கப்பட்டது. பக்கவாதம் மட்டும் குறிப்பிடும் அளவுக்குக் குறையவில்லை.

எனவே வாட்ச் எச்சரித்தால் அலட்சியமும் வேண்டாம், பயமும் வேண்டாம். டாக்டரிடம் காட்டுங்கள். மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஃப்ளெகைனைடு மருந்தை, மாரடைப்பு பாதிப்பு இல்லாத சிலருக்கு டாக்டர்கள் இன்றும் தருகிறார்கள். அதைச் சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தானாக நிறுத்தக் கூடாது. ஹோல்டர் மாட்டச் சொன்னால், அன்று படுத்தே கிடக்காமல் டாக்டர் அனுமதிக்கும் வழக்கமான வேலைகளைச் செய்யுங்கள். அன்றாட வாழ்க்கையில் இதயம் எப்படித் துடிக்கிறது என்று பார்க்கத்தான் அந்தப் பெட்டியே.