நாட்டு மருந்தைச் சோதித்த ராம்நாத் சோப்ரா



எங்க அம்மாயிக்கு ரொம்ப நாளா மூட்டு வலி. போன வருஷம் சந்தையில ஒருத்தர் கொல்லிமலை மூலிகைன்னு சொல்லி வித்த பொடியை வாங்கிச் சாப்பிட்டாங்க. மூணே நாள்ல வலி போச்சு. ஆனா ரெண்டு மாசத்துல முகமெல்லாம் வீங்கிருச்சு. டாக்டரம்மா பார்த்துட்டு, பொடியில ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கும்னு சொன்னாங்க. அப்போ மூலிகையை யாருமே சோதிக்க மாட்டாங்களான்னு அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். அவங்க சொன்ன பெயர்தான் ராம்நாத் சோப்ரா.

சோப்ரா 1882-ஆம் ஆண்டு குஜ்ரன்வாலாவில் பிறந்தார். அந்த ஊர் இப்போது பாகிஸ்தானில் உள்ளது. லாகூரிலும் பிறகு இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜிலும் படித்தார். 1908-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். 1921-ல் கல்கத்தா வெப்பமண்டல நோய் மருத்துவப் பள்ளியில் மருந்தியல் பேராசிரியர் ஆனார்.

அந்தக் காலத்தில் இங்கிலீஷ் டாக்டர்கள் பலர் நாட்டு மருந்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்கினார்கள். நம் ஜனங்களோ எல்லா மூலிகையும் நல்லதுன்னு நம்பினார்கள். சோப்ரா இரண்டு பக்கமும் சாயவில்லை. செடியிலிருந்து சத்தைப் பிரித்தார். அதை முதலில் விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பிறகுதான் நோயாளிகளுக்குக் கொடுத்தார். சில மூலிகைகள் தேறின. பேர் பெற்ற சில மூலிகைகள் தேறவில்லை. இரண்டையும் மறைக்காமல் எழுதினார்.

சர்ப்பகந்தா வேர் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்று 1933-ல் அவர் குழு எழுதியது. 1952-ல் சுவிட்சர்லாந்து விஞ்ஞானிகள் அதே வேரிலிருந்து ரெசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள்.

வலிக்கான மூலிகைகளையும் இன்று இந்த வழியில்தான் சோதிக்கிறார்கள். எலியின் பாதத்தில் வீக்கம் உண்டாக்குவார்கள். சில எலிகளுக்கு மூலிகைச் சாறு, சிலவற்றுக்குத் தெரிந்த மருந்து, சிலவற்றுக்கு வெறும் தண்ணீர் தருவார்கள். எந்தக் கூட்டத்துக்கு வீக்கம் எவ்வளவு வடிந்தது என்று அளந்து பார்ப்பார்கள். நம் வீட்டு முடக்கத்தானையும் இப்படிச் சோதித்திருக்கிறார்களாம்.

கலப்பட மருந்து பற்றி விசாரிக்க 1930-ல் அரசு ஒரு குழு அமைத்தது. அதற்குத் தலைவர் சோப்ராதான். அந்தக் குழுவின் அறிக்கைக்குப் பிறகு, 1940-ல் மருந்துச் சட்டம் வந்தது. ஓய்வு பெற்ற பிறகும் ஜம்முவில் மூலிகை ஆராய்ச்சி செய்தார். 1973-ல் தமது 90-ஆம் வயதில் காலமானார்.

இப்போ எங்க அம்மாயி டாக்டர் தந்த மாத்திரை சாப்பிடுறாங்க. முடக்கத்தான் தோசையையும் விடலை. ஆனா எந்தப் பொடி வந்தாலும் கம்பெனி பேர், லைசென்ஸ் நம்பர், தேதி மூணையும் நான் படிச்சுச் சொன்ன பிறகுதான் பிரிப்பாங்க. நீங்களும் உங்க வீட்டுப் பெரியவங்களுக்குப் படிச்சுச் சொல்லுங்க.

– 9-ஆம் வகுப்பு மாணவி