இருதய மருத்துவ மேதை டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல்



பரிசளிப்பு விழா மலர் என்றால் ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு இருக்க வேண்டும் என்பது நம் வழக்கம். கவிஞர்களையும் தலைவர்களையும் பற்றி நிறையப் படித்தாகிவிட்டது. இம்முறை ஒரு டாக்டரைப் பற்றி எழுதுகிறேன் என்று தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதற்குக் காரணம் என் அப்பா.

அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ரத்தக் கொதிப்பு இருக்கிறது என்று தானா ராத்தா ஆஸ்பத்திரியில் சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஒருநாள் விடியற்காலையில் குளியலறைக்குப் போனவர் அங்கேயே விழுந்தார். மூன்றாம் நாள் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து வீட்டை ஒதுக்கும்போது அலமாரியின் மேல் ஒரு மைலோ டின் இருந்தது. திறந்தால் உள்ளே முழுக்க மாத்திரை! பல மாதத்து மாத்திரை, அட்டைகூடப் பிரிக்கவில்லை. தலைவலி இல்லை, நெஞ்சுவலி இல்லை, அப்புறம் எதுக்கு இந்த இங்கிலீஷ் மருந்துச் சூடு என்று யாரோ கொடுத்த வேரைக் கஷாயம் வைத்துக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அந்த வேர் என்ன வேர், யார் கொடுத்தது, எதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் வேருக்கும் ரத்தக் கொதிப்புக்கும் உள்ள சம்பந்தத்தைத் தேடிப் படிக்கப் போய்த்தான் டாக்டர் வக்கீலைத் தெரிந்துகொண்டேன்.

வகுப்பில் இந்தப் பெயரைச் சொன்னதும் ஒரு மாணவன், ஐயா அவர் வக்கீலா டாக்டரா என்று கேட்டுவிட்டான். நியாயமான கேள்விதான். பாரசீகத்திலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் இந்தியாவில் குடியேறிய பார்சி மக்கள் தொழிலையே குடும்பப் பெயராக வைத்துக்கொள்வது உண்டு. காண்டிராக்டர், எஞ்சினியர் என்றெல்லாம் பெயர் இருக்கும். அப்படி வந்ததுதான் இந்த வக்கீலும்.

ருஸ்தம் ஜால் வக்கீல் 1911ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். லண்டனில் மருத்துவம் படித்துத் தேறினார். அந்தப் படிப்புக்கு அங்கேயே கௌரவமாக இருந்திருக்கலாம். அவரோ 1930களின் இறுதியில் ஊர் திரும்பி, பம்பாய் பரேலில் உள்ள கே.ஈ.எம். மருத்துவமனையில் பணியேற்றார். அந்த மருத்துவமனைக்கும் ஒரு பெருமை உண்டு. 1926இல் அதனுடன் சேர்ந்து தொடங்கிய மருத்துவக் கல்லூரியில் இந்தியர்களே ஆசிரியர்களாக இருக்க வேண்டும் என்று நன்கொடை கொடுத்தவர்கள் நிபந்தனை வைத்தார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் அப்படிச் சொல்லத் துணிச்சல் வேண்டும் அல்லவா?

அந்தக் காலத்தில் ரத்தக் கொதிப்பு வந்தால் என்ன செய்வார்கள்? உண்மையைச் சொன்னால், செய்வதற்கு அதிகம் ஒன்றுமில்லை. அளக்கத் தெரியும், ஆற்றத் தெரியாது. கையில் பட்டை கட்டிக் காற்றடித்துப் பாதரசத்தைப் பார்க்கும் முறை 1896இலேயே இத்தாலியில் வந்துவிட்டது. 1905இல் ரஷ்ய டாக்டர் கொரோட்காவ் அதனோடு காதுக்குழாயையும் சேர்த்தார். மேல் எண் 120, கீழ் எண் 80 என்று இன்று மிஸ்ஸி சொல்கிறாரே, அந்தக் கணக்கு அங்கிருந்து வந்ததுதான். ஆனால் எண் 200ஐத் தாண்டினால், படுத்து ஓய்வெடு, உப்பைக் குறை என்பார்கள். வெறும் சோறும் பழமும் சீனியும் சாப்பிடச் சொன்ன டாக்டரும் அமெரிக்காவில் இருந்தார். முதுகைக் கிழித்து நரம்பை வெட்டிய டாக்டர்களும் இருந்தார்கள்.

அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உலகப் போரையே நடத்திய மனிதர். பக்கத்திலேயே இருதய நிபுணர் இருந்தார். இருந்தும் அவருடைய ரத்தக் கொதிப்பு வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டே போயிற்று. 1945 ஏப்ரல் 12ஆம் நாள் மூளையில் ரத்தம் கசிந்து 63ஆம் வயதில் இறந்தார். விழுந்தபின் அளந்தபோது மேல் எண் 300. என் அப்பாவுக்கு மாத்திரை இருந்தது, சாப்பிடவில்லை. ரூஸ்வெல்ட்டுக்குச் சாப்பிட நல்ல மாத்திரையே இல்லை.

இப்போது வேருக்கு வருவோம். சர்ப்பகந்தி என்று ஒரு சிறு செடி. தமிழில் சிவன் அமல்பொடி என்றும் சொல்வார்கள். பாம்புக்கடிக்கும், தூக்கமின்மைக்கும், சித்தம் கலங்கியவர்களுக்கும் அதன் வேரைக் கொடுப்பது இந்தியாவில் நெடுநாள் பழக்கம். பீகார் பக்கம் பைத்தியத்துக்கு மருந்து என்றே பெயர் சொல்லிச் சந்தையில் விற்றார்களாம். வெள்ளைக்காரர்கள் அதற்கு ரவுல்ஃபியா என்று பெயர் வைத்தார்கள். அந்த ரவுல்ஃப் 16ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய வைத்தியர், இந்தியாப் பக்கமே வராதவர். செடி நம்முடையது, பெயர் அவருடையது. போகட்டும்.

1931இல் கல்கத்தாவில் சென், போஸ் என்ற இரு டாக்டர்கள் இந்த வேர் ரத்தக் கொதிப்பை இறக்குகிறது என்று எழுதினார்கள். அதே ஆண்டில் டில்லியில் சலிமுஸ்ஸமான் சித்திக்கி அந்த வேரிலிருந்து சில ரசாயனப் பொருள்களைப் பிரித்தெடுத்தார். அதற்குப் பிறகு இந்தியாவில் வேர்ப்பொடியை மாத்திரையாக அடித்து விற்றார்கள். டாக்டர்களும் எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் கடல் தாண்டி யாரும் நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? எங்க பாட்டி சாப்பிட்டாள், குணமாச்சு என்பது ஒரு சாட்சி. குணமாகாத பாட்டி எத்தனை பேர் என்று எவரும் எழுதி வைக்கவில்லையே!

அதைத்தான் வக்கீல் செய்தார். சுமார் பத்து ஆண்டுகள் இந்த மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துக் கவனித்தார். அவசரப்பட்டு எழுதவில்லை. பிறகு காரணம் தெரியாமல் வரும் ரத்தக் கொதிப்பு உள்ள 50 பேரைத் தேர்ந்தெடுத்தார். மருந்துக்கு முன் ஒவ்வொருவருக்கும் மேல் எண் எவ்வளவு, கீழ் எண் எவ்வளவு என்று அளந்தார். நான்கு வாரம் மாத்திரை கொடுத்தார். மறுபடி அளந்தார். நிறுத்திய பிறகும் கவனித்தார். நூற்றுக்கு 80 பேருக்கு மேல் எண்கள் இறங்கின. சிலருக்கு நிறைய இறங்கியது, சிலருக்குக் கொஞ்சம்தான், சிலருக்கு இறங்கவே இல்லை. கேட்காத ஆளையும் சேர்த்தே கணக்கு எழுதினார். 1949ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல் என்ற லண்டன் பத்திரிகையில் அந்தக் கட்டுரை வந்தது. மொத்தம் ஆறே பக்கம்.

கணக்கில் ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். பாதிப் பேருக்கு மருந்தும் மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் கொடுத்து ஒப்பிடுவதுதான் இன்றைய முறை. வக்கீல் அப்படிச் செய்யவில்லை. இன்று அதே கட்டுரையை அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் அந்த ஆறு பக்கம் செய்த வேலை பெரிது.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து டாக்டர் ராபர்ட் வில்கின்ஸ் அதைப் படித்துத் தம் நோயாளிகளிடம் சோதித்தார். 1952இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா கம்பெனி ஆராய்ச்சியாளர்கள் வேரில் வேலை செய்யும் பொருளைத் தனியே பிரித்து ரிசர்ப்பின் என்று பெயரிட்டார்கள். இனி வேருக்கு வேர் வீரியம் மாறும் என்ற கவலை இல்லை, மில்லிகிராம் கணக்கில் கொடுக்கலாம். 1957இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற லாஸ்கர் விருது வக்கீலுக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு இந்திய அரசு பத்மபூஷண் வழங்கியது. பம்பாயில் இருந்துகொண்டே உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தார்.

அந்த மாத்திரையால் உயிர் பிழைத்தார்களா, அல்லது எண் மட்டும்தான் இறங்கிற்றா? இது நல்ல கேள்வி. பதில் 1967இல் வந்தது. அமெரிக்காவில் ரத்தக் கொதிப்பு மிக அதிகமாக இருந்த 143 முன்னாள் படைவீரர்களை இரண்டாகப் பிரித்தார்கள். 73 பேருக்கு ரிசர்ப்பினும் வேறு இரண்டு மருந்தும் கொடுத்தார்கள். 70 பேருக்குப் போலி மாத்திரை. போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 27 பேருக்குக் கடுமையான ஆபத்து வந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் 2 பேருக்குத்தான். இந்த 27ஐயும் 2ஐயும் நான் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கே விளங்கியது. அப்பாவிடம் எழுதிக் காட்டத்தான் எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

ரிசர்ப்பினுக்குத் தீமையும் இருந்தது. அதிக அளவில் சாப்பிட்ட சிலருக்கு மனச்சோர்வு வந்தது. மூக்கடைப்பு, சோம்பல் என்றும் சொன்னார்கள். 1950களின் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக வேறு நல்ல மருந்துகள் வரவே அது பின்னுக்குப் போய்விட்டது. இன்று கிளினிக்கில் கொடுக்கும் மாத்திரை சர்ப்பகந்தி அல்ல. ஆகவே யாராவது வேரைக் கொண்டுவந்து, டாக்டரே எழுதியிருக்கிறார் என்று சொன்னால் வாங்கிக் குடித்துவிடாதீர்கள். வக்கீல் கொடுத்தது அளந்த மருந்து. கொடுத்த பிறகும் அளந்துகொண்டே இருந்தார்.

இன்னொரு விஷயம். வக்கீல் காலத்து இருதய டாக்டருக்கு என்ன ஆயுதம் இருந்தது? கை, காது, எக்ஸ்ரே, ஈ.சி.ஜி. அவ்வளவுதான். நெஞ்சைத் தட்டிப் பார்த்து, துடிப்பைத் தொட்டுப் பார்த்து, சத்தம் கேட்டுத்தான் இருதயம் வீங்கியிருக்கிறதா என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் கலையில் அவர் கெட்டிக்காரர். டாக்டர் கோல்வாலாவுடன் சேர்ந்து நோயறியும் முறைகளைப் பற்றி அவர் எழுதிய பாடநூல் பல பதிப்புகள் கண்டது.

உயிருள்ள மனிதனின் இருதயச் சுவர் அசைவதைப் பார்க்கும் வழி 1953இல் சுவீடன் நாட்டு லுண்ட் நகரில் பிறந்தது. எட்லர் என்ற டாக்டரும் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாரும் சேர்ந்து செய்தது. கப்பல் பட்டறையில் இரும்பில் விரிசல் பார்க்கும் கருவியைக் கண்டுதான் அவர்களுக்குத் துணிவு வந்தது. நம் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது சுலபம். தேயிலை மலையின் இந்தப் பக்கம் நின்று கூவினால் எதிர்மலையில் பட்டுத் திரும்பி வருகிறதல்லவா? காதுக்குக் கேட்காத மெல்லிய ஒலியை நெஞ்சுக்குள் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குகிறார்கள். அதனால்தான் அதற்கு எக்கோ என்று பெயர்.

போன வருடம் என் அம்மாவை ஈப்போவுக்குக் கூட்டிப் போய் எக்கோ எடுத்தோம். ஊசியில்லை, வலியில்லை, நெஞ்சில் கொஞ்சம் பசை தடவினார்கள். இடப்பக்கத்து அறைச் சுவர் தடித்திருக்கிறது என்று டாக்டரம்மா திரையில் காட்டினார். கூடை சுமந்து சுமந்து தோள்பட்டை இறுகுவதுபோல, அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இருதயச் சுவர் தடிக்குமாம். தோள் இறுகினால் பலம், இது அப்படியல்ல. தடித்த சுவர் நாளடைவில் விறைத்துப்போய் ரத்தத்தை ஏற்க மறுக்கும். மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டால் தடிப்பு குறையவும் வாய்ப்புண்டு என்றார். அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மலை ஏறும்வரை ஒன்றும் பேசவில்லை. ரிங்லெட் தாண்டியதும், அந்தப் படத்தை அப்பாவுக்கும் காட்டியிருக்கலாம் என்று மட்டும் சொன்னார்.

2019இல் நம் சுகாதார அமைச்சு எடுத்த கணக்கின்படி மலேசியப் பெரியவர்களில் பத்துப் பேருக்கு மூவருக்கு ரத்தக் கொதிப்பு. அதில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியவில்லை. நம்ம லயத்துக் கதவுகளை எண்ணிப் பாருங்கள், கணக்கு உங்களுக்கே வரும். கருவாடும் ஊறுகாயும் இல்லாமல் நமக்குச் சோறு இறங்காது என்பதும் எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான்.

டாக்டர் வக்கீல் 1974ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் காலமானார். வயது 63. ரூஸ்வெல்ட்டுக்கும் அதே வயதுதான். பரேல் மருத்துவமனையில் இன்றும் நோயாளிகள் விடியற்காலையிலேயே வரிசையில் நிற்கிறார்கள்.

பள்ளி அலுவலகத்தில் ரத்தக் கொதிப்பு பார்க்கும் கருவி ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். பிள்ளைகளை அழைத்துப் போக வரும் பெற்றோர்கள் பள்ளி நேரத்தில் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்த்துக்கொள்ளலாம். ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுத்த பிறகுதான் பார்க்க வேண்டும், மேடேறி வந்த மூச்சோடு பார்த்தால் எண் கூடக் காட்டும். எண்ணை எழுதிக்கொள்ள ஆளுக்கு ஒரு சிறு அட்டை கொடுக்கிறோம். ஆறாம் ஆண்டு மாணவர்கள் கோடு போட்டுத் தந்த அட்டை அது.