பெங்களூரிலிருந்து மாட்டு வண்டியில் புறப்பட்ட புகைப்படக்காரர்

எங்கள் மல்லேஸ்வரம் வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய குரூப் போட்டோ மாட்டியிருக்கிறது. தாத்தாவின் சஷ்டியப்தபூர்த்திக்கு எடுத்தது. மூன்று கால் ஸ்டாண்டும் கறுப்புத் துணியுமாக வந்த போட்டோகிராபர், பெரியவர்களை நாற்காலியிலும் குழந்தைகளை ஜமுக்காளத்திலும் உட்கார்த்தி வைத்து, அரை மணி நேரம் எல்லோரையும் அசையாமல் இருக்கச் சொல்லிப் பாடாய்ப் படுத்தினாராம். படத்தில் மொத்தம் இருபத்து மூன்று பேர். அதில் ஆறு பேர் யாரென்று இன்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்த கடைசி மனுஷி என் பெரிய அத்தை. அவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளவேண்டும் என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் நினைத்துக்கொண்டேன். எழுதவில்லை. அத்தையும் போய்விட்டார்.

இந்தக் குறை மனதில் உறுத்திக்கொண்டிருந்தபோதுதான், நம் ஊர்ப் பழைய புகைப்படங்களைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அப்போது அறிமுகமானவர் லின்னேயஸ் ட்ரைப். புகைப்பட வரலாறு படிப்பவர்களுக்கு உலகெங்கும் தெரிந்த பெயர். அவர் தொழில் செய்த பெங்களூரில் நம்மில் பலருக்குத் தெரியாது. தஞ்சாவூர், மதுரை, ஸ்ரீரங்கம் என்று பூர்வீகம் சொல்லிக்கொள்ளும் நம் அங்கத்தினர்கள் எந்த நகரத்தில் இருந்தாலும் அறிந்துகொள்ள வேண்டியவர் என்பதால் இதை எழுதுகிறேன்.

ட்ரைப் 1822-ம் ஆண்டு இங்கிலாந்தின் தென்மேற்கே, கப்பல்படைத் துறைமுகமான டெவன்போர்ட்டில் பிறந்தவர். தந்தை மருத்துவர். பிள்ளைகள் நிறைந்த பெரிய குடும்பம். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட குடும்பத்துப் பையன்களுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவம் ஒரு நல்ல வழி. ட்ரைப்பும் பதினேழு வயதிலேயே மதராஸ் காலாட்படையின் 12-வது பிரிவில் அதிகாரியாகச் சேர்ந்து இந்தியா வந்தார்.

1850-களின் தொடக்கத்தில் நீண்ட விடுப்பில் ஊருக்குப் போனவர், அங்கே புதிதாகப் பரவிக்கொண்டிருந்த புகைப்படக் கலையைக் கற்றுக்கொண்டார். 1853-ல் லண்டனில் புகைப்படச் சங்கம் தொடங்கியபோது அதில் உறுப்பினரும் ஆனார். 1854-ல் பெங்களூர் கண்டோன்மென்டுக்குத் திரும்பியபோது கையில் காமிரா இருந்தது. அந்த டிசம்பரிலேயே பேலூர், ஹளேபீடு கோயில்களுக்குப் போய்ப் படமெடுத்தார். ஹொய்சள சிற்பங்களை முதன்முதலில் புகைப்படத்தில் பதிந்தவர்களில் அவர் ஒருவர். 1855-ல் சென்னையில் நடந்த கண்காட்சியில் அவர் 68 படங்களை வைத்தார். முதல் வகுப்புப் பதக்கம் கிடைத்தது.

அதே ஆண்டில் கம்பெனி அரசு, பர்மாவின் மிண்டோன் மன்னரிடம் ஒரு தூதுக்குழுவை அமரபுரத்துக்கு அனுப்பியது. ட்ரைப் அதில் அதிகாரப்பூர்வ புகைப்படக்காரராகச் சேர்ந்தார். மழை, மேகம், உடல்நலக் குறைவு எல்லாம் போக, அவருக்கு வேலை செய்யக் கிடைத்தது முப்பத்தாறு நாட்கள்தான். அதற்குள் இருநூறுக்கும் மேற்பட்ட நெகடிவ்கள் எடுத்தார். பெங்களூர் திரும்பி, அவற்றிலிருந்து 120 படங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் ஐம்பது பிரதிகள் போட்டார். ஆறாயிரம் பிரிண்டுகள்! இன்று பட்டனை அழுத்தினால் ஆறாயிரம் வந்துவிடும். அன்று அப்படியில்லை.

அவருடைய அன்றாட வேலை எப்படி இருந்தது என்பதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். அவர் காகிதத்தில் நெகடிவ் எடுத்தவர். நல்ல காகிதத்தை உருக்கிய மெழுகில் தோய்த்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து, அது எண்ணெய்க் காகிதம் போல ஒளி ஊடுருவுவதாக ஆனபின் அயோடைடு கரைசலில் ஊறவைப்பார்கள். பிறகு இருட்டறையில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் போட்டு எடுத்தால்தான் ஒளியை வாங்கும் சக்தி வரும். காமிராவுக்குள் வைத்து, வெளிச்சத்தைப் பொறுத்துப் பல நிமிஷங்கள் லென்ஸைத் திறந்து வைக்கவேண்டும். பிறகு மறுபடி இருட்டறை, காலிக் அமிலம், ஹைப்போ, பலமுறை சுத்தமான தண்ணீர். கண்ணாடியில் எடுக்கும் முறையும் அப்போது வந்துவிட்டது. ஆனால் கண்ணாடியை ஈரம் காய்வதற்குள் கழுவியாகவேண்டும், உடைந்தும் போகும். மெழுகுக் காகிதத்தை முன்கூட்டியே தயார் செய்து எடுத்துப் போகலாம், ஆற அமரக் கழுவலாம். பிரயாணத்துக்கு அதுவே சௌகரியம்.

பெரிதாக்கும் கருவி அன்று கிடையாது. படம் எவ்வளவு பெரிதாக வேண்டுமோ நெகடிவும் அவ்வளவு பெரிது. அவருடைய நெகடிவ்கள் ஏறக்குறைய பதினைந்து அங்குல நீளமும் பன்னிரண்டு அங்குல அகலமும் கொண்டவை. அப்படியென்றால் காமிராப் பெட்டி எவ்வளவு பெரிது என்று பார்த்துக்கொள்ளுங்கள்! பிரதி எடுப்பதும் வெயிலில்தான். நெகடிவையும் பூச்சுப் பூசிய தாளையும் சட்டத்தில் ஒன்றாக இறுக்கி, வடாம் காயவைப்பது போல வெயிலில் வைக்கவேண்டும். பெங்களூரில் மேகம் மூடிய நாளெல்லாம் வேலை முடங்கிய நாள்தான். வானம் வெறும் வெள்ளையாக விழுந்துவிடும் என்பதால், நெகடிவின் மேல் பொறுமையாக மேகங்களைத் தீட்டியும் சேர்த்திருக்கிறார்.

1856-ல் மதராஸ் அரசு அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. ராஜதானியிலுள்ள முக்கியமான கட்டடங்களையும் இடங்களையும் பதிவு செய்வது வேலை. 1857 டிசம்பரில் அவர் பெங்களூரிலிருந்து தெற்கே புறப்பட்டார். வடக்கே சிப்பாய்க் கலகம் நடந்துகொண்டிருந்த சமயம் அது. காமிரா, ரசாயனங்கள், காகிதம், கூடாரம் எல்லாவற்றையும் மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு, உதவியாளர்களுடன் ராயக்கோட்டை வழியாகச் சேலம் ஜில்லாவுக்கு இறங்கினார். அங்கிருந்து திருச்சி, ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவையாறு என்று சுற்றி 1858-ல் சென்னை போய்ச் சேர்ந்தார்.

ஸ்ரீரங்கத்துக்கு அவர் போனபோது ராஜகோபுரம் மொட்டைக் கோபுரமாக நின்றிருந்தது. அது பூர்த்தியானது 1987-ல் என்பது நமக்கெல்லாம் தெரியும். மதுரையில் திருமலை நாயக்கர் மகால் சிதிலமடைந்து கிடந்தது. புது மண்டபம், வைகையின் குறுக்கே போன பாதை, மீனாட்சியம்மன் கோயில், கோயில் நகைகள் எனப் பல படங்கள் எடுத்தார். நகைகளை மட்டும் அடுக்கி வைத்து எடுத்த ஒரு படமும் உண்டு. தஞ்சாவூரில் கடைசி மராட்டிய மன்னர் சிவாஜி 1855-ல் ஆண் வாரிசில்லாமல் காலமாகி, ராஜ்யத்தைக் கம்பெனி எடுத்துக்கொண்டிருந்தது. அரசரில்லாத அரண்மனையைத்தான் ட்ரைப் படமெடுத்தார்.

இந்தப் படங்களில் ஒன்றைக் கவனிக்கலாம். பெரும்பாலும் ஆள் நடமாட்டமே இருக்காது. பல நிமிஷம் லென்ஸ் திறந்திருந்தால், நடந்து போகிறவர் படத்தில் பதியமாட்டார். அந்தப் பிரகாரங்களில் நம் முன்னோர்கள் அன்றும் பிரதட்சிணம் செய்துகொண்டுதான் இருந்திருப்பார்கள். கல் நின்றது, பதிந்தது. மனிதர்கள் நிற்கவில்லை, பதியவில்லை. திருவையாற்றை எண்ணும்போது எனக்கு இன்னொரு ஏக்கமும் உண்டு. தியாகராஜ சுவாமிகள் சித்தியடைந்தது 1847 ஜனவரியில். ட்ரைப்பின் வண்டி அந்தக் காவிரிக் கரைக்கு வந்தது பதினோரு ஆண்டுகள் கழித்து.

அவர் செய்ததில் எல்லாவற்றையும் விடப் பெரிய காரியம் தஞ்சைப் பெரிய கோயிலில்தான் நடந்தது. விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டு வரிகளை, காமிராவைச் சிறிது சிறிதாக நகர்த்திக்கொண்டே எடுத்து, இருபத்தொரு படங்களை ஒன்றோடொன்று ஒட்டிச் சேர்த்தார். சுமார் பத்தொன்பது அடி நீளமுள்ள ஒரே படச்சுருள். 1858-ல் இப்படி ஒரு முயற்சியை நினைத்துப் பார்க்கவே வியப்பாக இருக்கிறது. ஒரு துண்டில் வெளிச்சம் கூடக்குறைய விழுந்தாலும், காமிரா முன்பின் விலகினாலும் வரிகள் சேராது.

அன்று அந்தக் கோயிலைக் கட்டியது யார் என்பதே தெளிவாகத் தெரியாது. ஸ்தல புராணம் கரிகால சோழன் என்றது. வேறு பெயர்களைச் சொன்னவர்களும் இருந்தார்கள். 1886-ல் கல்வெட்டு ஆய்வாளராக நியமிக்கப்பட்ட ஜெர்மானியரான ஹூல்ஷ் இந்தக் கல்வெட்டுகளைப் படித்துப் பதிப்பித்த பிறகுதான், கட்டியவன் முதலாம் ராஜராஜன் என்பது ஐயமின்றி நிலைபெற்றது. தானும் தன் தமக்கை குந்தவையும் தேவியரும் மற்றவர்களும் கொடுத்ததையெல்லாம் கல்லில் வெட்டும்படி அந்த அரசன் ஆணையிட்டிருந்தான். நகைகளின் எடை, நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர், அவர்கள் இருந்த வீடு வரை அதில் இருக்கிறது. ட்ரைப்புக்கு அந்த எழுத்துகள் என்ன சொல்லின என்று தெரியாது. ஆனாலும் படிக்கக்கூடியவர் ஒருநாள் வருவார் என்று நம்பிச் செய்த வேலை போலத்தான் இருக்கிறது அந்தச் சுருள்.

சென்னையில் அவர், அமராவதி ஸ்தூபத்திலிருந்து கொண்டுவந்து அருங்காட்சியகத்தில் வைத்திருந்த சுண்ணாம்புக்கல் சிற்பங்களையும் படமெடுத்தார். அடுத்த ஆண்டே அவற்றில் பல லண்டனுக்குக் கப்பலேறிவிட்டன. சென்னை கலைத்தொழிற் பள்ளியிலும் அந்த ஆண்டுகளில் புகைப்படம் சொல்லிக்கொடுக்கப்பட்டது. அந்தப் பள்ளியைச் சேர்ந்த ஐயாசாமி என்பவர் எடுத்த படங்களும் உண்டு. பிறகு ட்ரைப் பெங்களூர் திரும்பி, ஊர் வாரியாகத் தொகுதிகள் தயாரித்தார். ஒவ்வொரு படத்துக்கும் எண், தலைப்பு, எந்த ஊர், எந்த இடம் என்ற விவரம், அடியில் அவர் கையெழுத்து. ராணுவ ஒழுங்கு இந்த விஷயத்தில் நமக்குப் பெரிய உபகாரம் செய்தது.

1859-ல் சர் சார்லஸ் ட்ரெவெல்யன் மதராஸ் கவர்னராக வந்தார். சிக்கனம் அவருடைய கொள்கை. அரசு ஒரு புகைப்படக்காரரை வைத்துக்கொள்வது வீண் ஆடம்பரம் என்று கருதி, வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார். 1860-க்குள் ட்ரைப்பின் கூடம் மூடப்பட்டது. அதன்பின் பர்மாவில் பணியாற்றியபோது எடுத்த சில படங்களைத் தவிர, அவர் காமிராவைத் தொடவேயில்லை என்று சொல்லலாம். 1870-களில் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றுப் பிறந்த ஊருக்கே போய், சங்கு, சிப்பி, பவளங்கள் சேகரித்துக்கொண்டு வாழ்ந்தார். 1902-ல் காலமானார். எண்பது வயதை நெருங்கிய வாழ்க்கையில் புகைப்படத்துக்கென்று அமைந்தது ஆறு வருஷம்தான்.

அரசு ஆடம்பரம் என்று தள்ளிய அந்தப் படங்களை 2014-ல் வாஷிங்டனிலும், 2015-ல் நியூயார்க்கிலும் லண்டனிலும் பெரிய கண்காட்சியாக வைத்தார்கள். அவர் கம்பெனியின் உத்தியோகஸ்தர். பக்தியினால் நம் கோயில்களுக்குப் போனவர் இல்லை. ஆட்சி செய்பவர்களுக்குத் தாங்கள் ஆளும் நாட்டைப் பற்றிய பதிவு வேண்டியிருந்தது, அதற்காக அனுப்பினார்கள். ஆனாலும் வேலையைச் சிரத்தையாகச் செய்தார். 165 வருஷங்களுக்கு மேலாகியும் ஒவ்வொரு படமும் எங்கே, எப்போது எடுத்தது என்று நம்மால் சொல்லமுடிகிறது.

அதை நினைக்கும்போது எங்கள் கூடத்துப் படத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது. ராஜராஜன் ஆடல் மகளிர் பெயரைக்கூடக் கல்லில் வெட்டிவைத்தான். ட்ரைப் தனக்குப் படிக்கத் தெரியாத அந்த எழுத்தைக் காகிதத்தில் பத்திரப்படுத்தினார். நான் சொந்த அத்தையிடம் ஆறு பெயர்களைக் கேட்டுப் பென்சிலால் எழுதிவைக்கவில்லை. அந்த ஆறு பேரில் ஒரு பெண் குழந்தை, இரட்டைப் பின்னலும் பாவாடையுமாக, தாத்தாவின் காலடியில் உட்கார்ந்து நேராக நம்மையே பார்க்கிறது. தாத்தாவுக்கு மிகவும் வேண்டிய குழந்தையாகத்தான் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடம் கிடைத்திருக்காது.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டிலிருந்த மற்ற ஆல்பங்களையெல்லாம் கீழே இறக்கினேன். எண்பத்தைந்து வயதான என் சித்தப்பாவைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். பேரன் எழுதிக்கொண்டான். படத்தின் பின்புறம் மையால் எழுதினால் முன்பக்கம் ஊறிவிடும், மென்மையான பென்சிலால்தான் எழுதவேண்டும். ஒரே நாளில் நாற்பது படங்கள் முடிந்தன. சித்தப்பாவுக்கும் அன்று முகத்தில் ஒரு தெளிவு.

அங்கத்தினர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். உங்கள் வீட்டிலும் பெயர் தெரிந்த ஒரு பெரியவர் இருப்பார். அடுத்த தீபாவளிவரை காத்திருக்க வேண்டாம். இந்த இதழை மூடி வைத்துவிட்டு, ஆல்பத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் போய் உட்காருங்கள்.