பனிப்பூக்களைப் படம் பிடித்த உழவர்

மலையையும் கடலையும் படம் பிடித்துப் புகழ் பெற்றோர் பலர். கையில் விழுந்ததும் உருகிவிடும் பனித்துகளைப் படம் பிடித்தே புகழ் பெற்றவர் வில்சன் பென்ட்லி.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிக்கோ என்னும் சிற்றூரில், 1865ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் உழவர் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். தாயார் அளித்த நுண்ணோக்கியில் பனிப்படிகங்களைக் கண்டு வியந்தார். அவற்றை வரைய முயன்றார். வரைந்து முடிக்குமுன் அவை உருகிவிட்டன. தந்தையோ இதனை வீண் வேலை என்றே கருதினார். எனினும் மகனுக்காகப் பெரும்பொருள் செலவிட்டுப் புகைப்படக் கருவி ஒன்றை வாங்கித் தந்தார்.

பென்ட்லி அதனை நுண்ணோக்கியுடன் இணைத்தார். இங்கேதான் இடர்ப்பாடு எழுந்தது. சிறு பொருளைப் பெரிதாக்கிப் படம் எடுக்க, லென்சுக்கும் தகட்டுக்கும் உள்ள தொலைவை நீட்ட வேண்டும். அப்போது அதே ஒளி அகன்ற பரப்பில் பரவி மங்கிவிடும். உருவம் பொருளின் அளவுக்குச் சமமானால் 4 மடங்கு, அதனைப்போல் மும்மடங்கானால் 16 மடங்கு ஒளிபடும் நேரம் வேண்டும் என்பது இயற்பியல் கூறும் கணக்கு. உருவம் தெளிவாக விழ லென்சின் துளையை அவர் சிறிதாக்கினார். ஒளி மேலும் குறைந்தது. நேரத்தை நீட்டி ஈடு செய்யலாம். ஆனால் நேரம் நீண்டால் படிகம் கரைந்துவிடுமே!

ஆகவே கணப்பில்லாத கொட்டகையில், கடுங்குளிரிலேயே அவர் பணி செய்தார். மூச்சுக்காற்றும் படாதவாறு படிகத்தைக் கண்ணாடியில் வைத்து, இறகினால் மெல்ல ஒத்திப் படிய வைத்தார். ஒளியை அளக்கும் மின்கருவி இல்லாத காலம் அது. தோல்விகளே அவருக்கு நேரக்கணக்கைக் கற்பித்தன. 1885 ஜனவரி 15ஆம் நாள், தமது 19ஆம் வயதில், முதல் வெற்றியைக் கண்டார்.

அதன்பின் உழவுத் தொழிலை விடாமலே 5,000க்கும் மேற்பட்ட பனிப்படிகங்களைப் படம் எடுத்தார். 2,400க்கும் மேற்பட்ட படங்கள் கொண்ட அவரது நூல் 1931இல் வெளிவந்தது. அதே ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் நிமோனியா நோயால் அவர் காலமானார்.

இன்றைய கருவிகள் லென்சின் வழி வரும் ஒளியை அளந்து, வேண்டிய நேரத்தைத் தாமே கணித்துவிடுகின்றன. ஆயினும் ஒன்றை மிக நெருங்கிக் காண விரும்புவோர் அதற்குரிய விலையைக் கொடுத்தே தீரவேண்டும். பென்ட்லி கொடுத்த விலை பொறுமை. ஆய்வகத்தில் முதல் தோல்வியிலேயே சோர்ந்துவிடும் மாணவ நண்பர்களே, அந்தக் குளிர்ந்த கொட்டகையைச் சற்றே நினைத்துப் பாருங்கள்!