இடமும் வலமும் பிரித்த இளைஞர்

லூயி பாஸ்டர் என்றதும் வெறிநாய்க்கடி ஊசிதான் நினைவுக்கு வரும். அந்த ஊசியை அவர் முதலில் போட்டது 1885-ல். அதற்கு 37 ஆண்டுகளுக்கு முன்பே, 25 வயதில், இன்றைய மருந்துச் சோதனை ஒன்றுக்கு அடிகோலியவரும் அவரே.

1822 டிசம்பர் 27-ல் பிரான்சில் டோல் என்ற ஊரில் பிறந்தார். தந்தைக்குத் தோல் பதனிடும் தொழில். 15 வயதில் பாரிசுக்குப் படிக்கப் போனவர், வீட்டு ஏக்கம் தாங்காமல் வாடினார். தந்தையே வந்து அழைத்துப் போனார். 1842-ல் எழுதிய பரீட்சையில் ரசாயனத்தில் சுமார் என்ற மதிப்பே கிடைத்தது. மனம் தளராமல் மறுபடி பாரிஸ் சென்று அந்த ரசாயனத்தையே படித்தார்.

புளியிலும் திராட்சையிலும் உள்ள டார்டாரிக் அமிலம், கருவியில் ஒரு தளப்படுத்திய ஒளியை வலப்பக்கம் திருப்பும். அதே சேர்க்கை கொண்ட இன்னொரு அமிலம் திருப்புவதில்லை. காரணம் யாருக்கும் புரியவில்லை. 1848-ல் பாஸ்டர் அதன் உப்புப் படிகங்களை உற்றுப் பார்த்தார். வலக்கால் செருப்பும் இடக்கால் செருப்பும் போல இரண்டு வகை கலந்திருந்தன. இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கரைத்தார். ஒன்று ஒளியை வலம் திருப்பியது, மற்றது இடம். சமமாகக் கலந்தால் ஒன்றை ஒன்று ஈடுசெய்துவிடும்.

முதுபெரும் விஞ்ஞானி பியோ இதை நம்பவில்லை. தாமே அமிலத்தைக் கொடுத்து, தம் கண்ணெதிரில் செய்யச் சொன்னார். முடிவைப் பார்த்து நெகிழ்ந்து போனார். அதன்பின் பாஸ்டருக்குப் பெருந்துணையாக இருந்தார்.

ஒரு பூஞ்சணம் வலது வகையை மட்டும் தின்று இடதை விட்டுவைப்பதையும் பாஸ்டர் பின்னர் கண்டார். உயிருள்ளவை இடம் வலம் அறியும் என்பது தெளிவாயிற்று.

மூன்று பெண் குழந்தைகளைப் பறிகொடுத்தார். 1868-ல் வாதம் தாக்கி இடப்பக்கம் பலமிழந்தது. ஆராய்ச்சியை நிறுத்தவில்லை. 1895 செப்டம்பர் 28-ல் மறைந்தார்.

மருந்துகள் பலவற்றிலும் இந்த இரு வகை உண்டு. ஒன்று நோயைத் தணிக்கும். மற்றது பயன்படாமலோ, கெடுதல் செய்வதாகவோ இருக்கலாம். தும்மலுக்குத் தரும் லெவோசெட்டிரிசின் மாத்திரை, செட்டிரிசினில் உள்ள இடது வகை மட்டுமே.

நோயாளியின் ரத்தத்தில் எந்த வகை எவ்வளவு இருக்கிறது என்று அறிய, முதலில் ரத்தத்திலிருந்து மருந்தைத் தக்க திரவத்தில் பிரித்தெடுக்கிறார்கள். பிறகு அதைக் குரோமட்டோகிராபி குழாயில் செலுத்துகிறார்கள். குழாயில் அடைத்த பொருளும் ஒரு பக்க வகையே. அதனால் மருந்தின் ஒரு வகை அதில் ஒட்டிப் பிந்தும், மற்றது முந்தி வெளிவரும். பாஸ்டர் இடுக்கியால் செய்த வேலையை இன்று இந்தக் குழாய் செய்கிறது.