தாகூரின் கிறுக்கல்களும் எமது மனவடுக்களும்

ஹெவ்லொக் டவுனில் உளவளத்துணையாளராகப் பணியாற்றும் எமது நண்பர் ஒருவர், தம்மிடம் அழைத்து வரப்படும் சிறுவர்களிடம் முதல் நாளில் கேள்விகள் எதுவும் கேட்பதில்லை. வெள்ளைத் தாளையும் வர்ணக் கட்டிகளையும் முன்னால் வைத்துவிட்டு அருகில் அமர்ந்திருப்பார். துயரம் கண்ட பிள்ளைகள் பலர் எதையோ வரைந்துவிட்டு, பின்னர் அதன்மேல் கறுப்பு வர்ணத்தால் கிறுக்கி மறைத்துவிடுகின்றனர் என்றும், அந்தத் தாளைத் தாம் ஒருபோதும் எறிவதில்லை என்றும் அவர் எம்மிடம் கூறினார். அதனைக் கேட்டபோது எமது நினைவுக்கு வந்தவர் மகாகவி இரவீந்திரநாத் தாகூர். அறுபது வயதைக் கடந்த பின்னர் கிறுக்கல்களிலிருந்தே ஓவியராகப் பிறந்தவர் அவர்.

தாகூரை நோபல் பரிசு பெற்ற கவிஞராகவும், இந்தியாவினதும் பங்களாதேஷினதும் தேசிய கீதங்களை இயற்றியவராகவும் நாம் அறிவோம். நீண்ட வெண்தாடியும் அமைதி தவழும் முகமும் கொண்ட அவரது படம் எமது பாடசாலைச் சுவர்களிலும் தொங்கியதுண்டு. அந்த அமைதி இலகுவில் வாய்த்ததன்று என்பதைப் பலர் அறியார்.

1861 ஆம் ஆண்டு மே 7 ஆம் திகதி கல்கத்தாவின் ஜோராசங்கோ மாளிகையில் பிறந்த தாகூர், பதினான்கு வயதை எட்டும் முன்னரே தாயை இழந்தார். வேலையாட்களின் பராமரிப்பில் வளர்ந்த அந்தச் சிறுவனுக்குத் தோழியாகவும் முதல் வாசகியாகவும் விளங்கியவர் அவரது அண்ணன் ஜோதிரிந்திரநாத்தின் மனைவி காதம்பரி தேவி. பத்து வயதளவில் மருமகளாக அந்த வீட்டுக்குள் நுழைந்த காதம்பரி, தாகூரைவிட இரண்டு வயதே மூத்தவர். அவர் படித்துக் கருத்துக் கூறிய பின்னரே இளம் கவிஞரின் கவிதைகள் வெளியே சென்றன.

1883 டிசம்பரில் தாகூருக்குத் திருமணம் நடந்தது. நான்கு மாதங்கள் கழித்து, 1884 ஏப்ரலில், 24 வயதில் காதம்பரி தமது உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டார். குடும்பம் அதனை வெளியுலகுக்கு மறைத்தது. அந்த மரணத்தின் நிழல் தாகூரின் கவிதையிலும் பாடலிலும் இறுதிவரை படர்ந்திருந்தது.

இவ்விடத்தில் நாம் சற்றுத் தரித்து நின்று சிந்திக்க வேண்டும். ஜோராசங்கோ மாளிகை சங்கீதமும் நாடகமும் ஓவியமும் இலக்கியமும் நாள்தோறும் பெருகிய இடம். காதம்பரியும் அந்த வீட்டு நாடகங்களில் நடித்தவரே. ஆயினும், பிள்ளைப்பேறு இன்றித் தனிமையுற்றிருந்த அப்பெண்ணை அந்தக் கலைச் செல்வம் காப்பாற்றவில்லை. கலை சூழ்ந்த வீட்டில் வாழ்வது வேறு, தம் துயரைக் கேட்க ஒருவர் பக்கத்தில் இருப்பது வேறு. கலையே சகல நோய்க்கும் மருந்து என்று பேசுவோர் இதனை மறந்துவிடலாகாது.

தாகூரின் இழப்புகள் அத்துடன் நிற்கவில்லை. 1902 நவம்பரில் மனைவி மிருணாளினி தேவி மறைந்தார். சில மாதங்களில் மகள் ரேணுகாவைக் காசநோய் பற்றியது. மலைக்காற்று குணமளிக்கும் என்ற நம்பிக்கையில் மகளை அல்மோராவுக்கு அழைத்துச் சென்ற தாகூர், அங்கிருந்தபடியே தாயை இழந்த தம் பிள்ளைகளை மனதிற்கொண்டு குழந்தைக் கவிதைகளை எழுதினார். பிற்காலத்தில் அவற்றுட் பல ஆங்கில வடிவம் பெற்று உலகெங்கும் வாசிக்கப்பட்டன. எனினும் 1903 இல் ரேணுகா இறந்தார். 1905 இல் தந்தை தேவேந்திரநாத் காலமானார். 1907 நவம்பரில், பதினொரு வயதைத் தொடவிருந்த கடைசி மகன் சமீந்திரநாத்தை வாந்திபேதி பறித்துச் சென்றது.

அந்த மகன் மறைந்து நான்கு ஆண்டுகளின் பின்னர் தாகூர் எழுதிய நாடகமே ‘தபால் நிலையம்’. வைத்தியரின் கட்டளைப்படி அறையொன்றுக்குள் அடைபட்டிருக்கும் அமல் என்ற சிறுவன், சாளரத்தின் வழியே தெருவில் செல்வோருடன் உரையாடி, அரசனின் கடிதத்துக்காகக் காத்திருப்பதே அதன் கதை. 1942 ஜூலை 18 இல், நாஜிகளின் பிடியிலிருந்த வார்சோ யூதர் சேரியில், மருத்துவரும் ஆசிரியருமான ஜனுஸ் கோர்சாக் தமது அநாதை இல்லப் பிள்ளைகளைக் கொண்டு இந்நாடகத்தை மேடையேற்றினார். சில வாரங்களுக்குள், ஆகஸ்ட் மாத முற்பகுதியில், ஏறத்தாழ 200 பிள்ளைகளும் அவர்களை விட்டுப் பிரிய மறுத்த கோர்சாக்கும் ட்ரெப்லிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். நாடகம் அவர்களின் உயிரைக் காக்கவில்லை. மரணத்தை எதிர்நோக்கிய குழந்தைகளுக்கு அச்சமற்ற ஒரு மாலைப் பொழுதை அது வழங்கியது.

1913 இல் நோபல் பரிசு வந்தது. புகழ் துயரைத் தீர்க்கும் என்று எண்ணுவோர்க்கு அடுத்த ஆண்டே பதில் இருக்கின்றது. 1914 இல் தாம் ஆழ்ந்த மனச்சோர்வில் வீழ்ந்திருப்பதையும் மரண எண்ணம் தம்மை வாட்டுவதையும் மகன் ரதீந்திரநாத்துக்குத் தாகூர் கடிதத்தில் தெரிவித்தார். உலகம் போற்றிய ஞானி தமது பலவீனத்தைச் சொந்த மகனிடம் மறைக்கவில்லை. காதம்பரிக்கு வாய்க்காத ஒன்று, மனந்திறந்து சொல்ல ஒருவர், அவருக்கு வாய்த்திருந்தது. 1918 இல் மூத்த மகள் மாதுரிலதா மரணப் படுக்கையில் கிடந்தபோது, நாள்தோறும் சென்று அவர் பக்கத்தில் அமர்ந்திருந்தவரும் இதே தாகூர்தான்.

சாந்திநிகேதனில் 1901 இல் மரநிழலில் தொடங்கிய பாடசாலையில், பாட்டும் கூத்தும் கைவினையும் பாடத்தின் அங்கங்களாகவே இருந்தன. 1919 இல் அங்கு கலாபவனம் அமைந்தது. ஆனால் அதன் தாபகர் அதுவரை தம்மை ஓவியராகக் கருதியதில்லை.

1924 இன் இறுதியில் தென்னமெரிக்கப் பயணத்தின் நடுவே நோயுற்ற தாகூர், ஆர்ஜென்டீனாவில் எழுத்தாளர் விக்டோரியா ஒகாம்போவின் விருந்தினராகத் தங்கினார். அங்கு ‘பூரபி’ கவிதைகளை எழுதுகையில், பிடிக்காத சொற்களை அடித்துவிட்டு, அந்த அடித்தல்களைக் கோடுகளால் ஒன்றோடொன்று இணைத்து வந்தார். அவை பறவைகளாகவும் விசித்திர விலங்குகளாகவும் மனித முகங்களாகவும் உருமாறின. ஒகாம்போ அவற்றைக் கண்டு வியந்தார். அவரது முயற்சியினாலேயே 1930 மே மாதம் பாரிஸ் நகரில் தாகூரின் முதலாவது ஓவியக் கண்காட்சி நடந்தேறியது. அப்போது அவருக்கு வயது 69. முறையாக ஓவியம் பயிலாத அந்தக் கைகள் 2,000 க்கும் அதிகமான படங்களை விட்டுச் சென்றன. அவற்றுட் பலவற்றில் இருள் சூழ்ந்த பின்னணியில், துயர் தோய்ந்த விழிகளுடன் நீள்வட்டப் பெண்முகம் ஒன்று மீண்டும் மீண்டும் தோன்றுகின்றது. அது காதம்பரியின் சாயல் என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். நாற்பதாண்டுகளுக்கு மேலாகச் சொல்லில் அடங்காத ஒன்று கோட்டில் வெளிப்பட்டது போலும்.

துயரைக் கலையாக்குவது தாகூருக்கு மட்டும் உரியதன்று. தாகூர் தமது நாடகமொன்றை 1923 இல் சிறையிலிருந்த கவிஞர் காஸி நஸ்ருல் இஸ்லாமுக்குக் காணிக்கையாக்கினார். அந்த நஸ்ருல், 1930 இல் தமது சின்னஞ்சிறு மகன் புல்புல் நோயுற்றுக் கிடந்தபோது படுக்கையருகில் இருந்தவாறே பாரசீகக் கவி ஹாபிஸின் ருபாயத்தை வங்காளத்தில் பெயர்த்தார். மகன் பிழைக்கவில்லை. நூல் அந்தப் பிள்ளைக்கே அர்ப்பணமாயிற்று. இரு ஆண்டுகளின் பின்னர், 1932 இல், ஈரான் சென்ற தாகூர் ஷிராஸ் நகரில் அதே ஹாபிஸின் அடக்கஸ்தலத்தில் தலைவணங்கினார்.

1934 மே மாதத்தில் தாகூர் தமது கலைக் குழுவினருடன் கொழும்புக்கு வந்தார். றீகல் அரங்கில் ‘சாபமோசனம்’ நாட்டிய நாடகம் நடந்தது. ஹொரணையில் ஸ்ரீபாளி நிறுவனத்துக்கு அவர் அடிக்கல் நாட்டினார். இந்நாட்டுக் கலைக்கல்வி அவ்வருகையினால் பெற்ற ஊக்கம் பெரிது. 1941 ஓகஸ்ட் 7 ஆம் திகதி, பிறந்த அதே ஜோராசங்கோ மாளிகையில் அவர் கண்மூடினார்.

அவர் வந்து சென்ற பின்னர் இந்நாடு கண்ட துயரங்களை நாம் விரித்துரைக்கத் தேவையில்லை. 1983 ஜூலையில் வெள்ளவத்தையில் எரிந்த வீடுகளை விட்டோடியவர்களின் பிள்ளைகள் இன்று நடுவயதினர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் குழந்தைகளும் அவ்வாறே. 2004 இன் ஆழிப்பேரலை, 2009 மே, கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம் இரத்தத்தில் தோய்ந்த 2019 ஏப்ரல் 21, அதனைத் தொடர்ந்து அப்பாவி முஸ்லிம்கள் தாக்கப்பட்ட மே மாதம் என மனவடுக்கள் அடுக்கடுக்காய் உள்ளன. வீடுகள் மீளக் கட்டப்பட்டன. பல உள்ளங்கள் இன்னும் அடித்தல் திருத்தலுடன் கிடக்கின்றன.

வழியில்லாமல் இல்லை. யுத்தத்தின் நடுவே 1996 இல் மட்டக்களப்பில், இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகமும் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் இணைந்து உருவாக்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, தமிழ், முஸ்லிம் சிறுவர்களை ஒரே மரநிழலில் அமர்த்தியது. களிமண்ணும் வர்ணமும் கதையும் அங்கு மருந்தாயின. அருகில் இருந்து கேட்பவர்களும் அங்கு இருந்தனர் என்பதே முக்கியமானது.

எமது பாடசாலைகளில் சித்திரப் பாடவேளை பரீட்சைக் காலத்தில் முதலில் பறிபோகின்றது. உளவளத்துணைக்குச் செல்வதை அவமானமாகக் கருதும் பெற்றோரும் குறைவில்லை. கலை, இழந்தவரை மீட்டுத் தராது. தாகூருக்கும் அது எவரையும் மீட்டுத் தரவில்லை. எனினும் கிறுக்கி மறைத்த இடத்தில் ஓர் உருவம் எழக்கூடும் என்பதற்கு அவரது வாழ்வு சான்று. பிள்ளையின் கையில் தாளைக் கொடுப்பது முதற்படி. அவர் கிறுக்கி முடிக்கும்வரை எழுந்து செல்லாமல் பக்கத்தில் இருப்பது பெற்றோரும் ஆசிரியரும் சமூகமும் சேர்ந்து ஆற்ற வேண்டிய கடமையாகும்.